வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: பஞ்சுத் தூசியும் நெஞ்சிறுக்கமும்

என் கணவர் 11 ஆண்டுகளாக ஒரு நூற்பாலையின் புளோ ரூமில் (பஞ்சைப் பிரித்து உதறும் பிரிவில்) வேலை பார்க்கிறார். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் மட்டும் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதாகவும் மூச்சு வாங்குவதாகவும் சொல்கிறார், மறுநாள் சரியாகிவிடுகிறது. பஞ்சில் இருக்கும் கிருமிதான் காரணம் என்று மேஸ்திரி சொன்னாராம். அது எனக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?
– வாசகி, பல்லடம்

தொற்றாது. மேஸ்திரி சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் இது நுரையீரலுக்குள் கிருமி புகுந்து பெருகுவதால் வரும் நோயன்று. பருத்தியின் இலையிலும், காயைச் சுற்றியுள்ள புல்லிதழ்களிலும் சில பாக்டீரியாக்கள் இயல்பாகவே குடியிருக்கின்றன; அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் ஒன்று பான்டோயா அக்ளாமரன்ஸ். நெல், கோதுமை போன்ற தானியங்களின் தூசியிலும் இதைக் காணலாம். பொடிந்த இலைத் தூளும் புல்லிதழ்த் துணுக்கும் பஞ்சோடு சேர்ந்து பேலுக்குள் (பஞ்சுப் பொதிக்குள்) போய்விடுவதால், புளோ ரூமில் பேலைப் பிரித்து உதறும்போதும், அடுத்து கார்டிங்கில் சிக்கெடுக்கும்போதும், அவை நுண்தூசியாகக் கிளம்புகின்றன.

இந்தப் பாக்டீரியாவின் புறச்சவ்வில் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. தூசியோடு அது நுரையீரலை அடைந்ததும், அங்கே காவலிருக்கும் செல்கள் கிருமிப் படையெடுப்பைக் கண்டதுபோல் அழற்சியைக் கிளப்பிவிட, மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன. நாள்தோறும் தூசியில் நிற்பவரின் உடல் இதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது என்பதும், ஓரிரு நாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது என்பதும், முதல் நாள் தொல்லைக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். தூசியில் உள்ள வேறு செடிப்பொருள்களுக்கும் இதில் பங்கிருக்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பது பிசினோசிஸ் என்னும் தொழில்நோயின் தொடக்க நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. இந்த நிலையில் தூசியைக் குறைத்தால் மீளலாம். ஆனால் முதல் நாளோடு நின்ற இறுக்கம் மற்ற நாள்களுக்கும் பரவி, ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரலின் திறன் குறைந்துவிட்டால், பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே ‘மறுநாள் சரியாகிவிடுகிறதே’ என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். விடுமுறைக்குப் பின்வரும் முதல் நாளிலேயே, ஷிப்டுக்கு முன்பும் பின்பும், ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வேறு நாளில் செய்தால் முடிவு இயல்பாகவே இருந்து ஏமாற்றிவிடக்கூடும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இருப்பதால், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை என்பதை மருத்துவரின் சீட்டில் எழுதிவாங்குவது நல்லது. அமெரிக்காவில் 1978இல் வந்த விதி, நூல் தயாரிக்கும் பிரிவுகளில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அவர் நிற்கும் இடத்தில் தூசி எப்போதாவது அளக்கப்பட்டதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மெத்தை தைப்பது எங்கள் தொழில். பஞ்சை நல்ல வெயிலில் காயவைத்துத்தான் அடைக்கிறோம். கிருமி செத்த பிறகும் தூசி கெடுதலா?
– வாசகர், கரூர்

கெடுதல்தான். பாக்டீரியா செத்தாலும் எண்டோடாக்சின் அழிவதில்லை. வெயிலுக்கு அசையாத பொருள் அது. 1942இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவ அறிக்கை உங்கள் தொழிலைப் பற்றியதே: கறைபட்ட மட்டரகப் பஞ்சில் மெத்தை செய்த கிராமத்தவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே குளிர்காய்ச்சலும் வாந்தியும் வந்தன, அந்தப் பஞ்சிலிருந்த பாக்டீரியாவே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஈரம்பட்டு மஞ்சளித்த பஞ்சை, விலை மலிவென்று வாங்காதீர்கள். முகத்தில் கட்டும் துண்டு பஞ்சிழையைத் தடுக்குமே தவிர இந்த நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 கவசம் வேண்டும். பஞ்சு அடிக்கும் வேலையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள்.