எத்தனை வருஷம் பிடித்தீர்கள்? புகையும் நுரையீரல் புற்றும்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிகரெட், பீடி, நுரையீரல் புற்று பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். சில கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் சேர்த்துவிட்டேன்.

கோவையிலிருந்து ஒருவர்: 19 வயதில் ஆரம்பித்தேன், இப்போது 43. ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவன் நாலாகக் குறைத்துவிட்டேன். ஆபத்தும் ஐந்தில் ஒரு பங்காகி இருக்கும்தானே டாக்டர்?

இருபதை நாலாக்க எவ்வளவு மனஉறுதி வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆபத்து அந்தக் கணக்கில் இறங்குவதில்லை.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 1951-இல் தொடங்கி 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதுவரை கிடைத்திருந்த தரவை வைத்து டாலும் ரிச்சர்ட் பீட்டோ என்ற சகாவும் 1978-இல் ஒரு கணக்கு போட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பது முக்கியம்தான். ஆனால் எத்தனை வருஷம் என்பது அதைவிடப் பல மடங்கு முக்கியம். பிடித்த வருஷங்கள் இரட்டிப்பானால் நுரையீரல் புற்று வரும் வேகம் பதினாறு மடங்கோ அதற்கு மேலோ ஏறுகிறது. நாலு சிகரெட் பிடிக்கும் நாளும் அந்த வருஷக் கணக்கில் ஒரு நாள்தான் தம்பி.

இன்னொன்றும் உண்டு. எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, கடைசி நுனிவரை பிடிப்பார்கள். உடம்பு தனக்கு வேண்டிய நிகோடினை எப்படியாவது வாங்கிக்கொள்ளும். நார்வேயில் தினம் 1 முதல் 4 சிகரெட் மட்டும் பிடித்தவர்களைப் பார்த்தபோது, நுரையீரல் புற்றால் இறக்கும் ஆபத்து புகைக்காதவர்களைவிட ஆண்களில் ஏறக்குறைய மூன்று மடங்கும், பெண்களில் ஐந்து மடங்கும் இருந்தது.

இப்போது நல்ல செய்தி. பிரிட்டிஷ் ஆண்களில், விடாமல் புகைத்தவர்களுக்கு 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு 100-க்கு 16. அறுபது வயதில் விட்டவர்களுக்கு 10, ஐம்பதில் விட்டவர்களுக்கு 6, நாற்பதில் விட்டவர்களுக்கு 3, முப்பதில் விட்டவர்களுக்கு 2. உங்களுக்கு 43. அந்த மூன்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். அந்த நாலையும் விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்: எங்கள் தாத்தா சுருட்டு பிடித்தே 88 வயது வரை இருந்தார். அப்புறம் எப்படி நம்புவது?

நூறில் பதினாறு பேர் என்றால் மீதி எண்பத்துநாலு பேர் 75 வயதுக்குள் அந்தப் புற்றால் இறப்பதில்லை. உங்கள் தாத்தா அவர்களில் ஒருவர். ஆனால் அந்த எண்பத்துநாலு பேரையும் புகை விட்டுவைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். மாரடைப்பு, பக்கவாதம், மூச்சிரைப்பு நோய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. நம் ஊரில் காசநோயும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். நகரப்பகுதியில் புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. தாத்தா வயதில் புகைத்தவர்களில் ஐம்பதிலேயே போய்விட்டவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அதனால் அவர்கள் நம் நினைவில் இல்லை.

திருச்சி, கல்லூரி மாணவி: பிடித்த உடனே ஒன்றும் ஆவதில்லையே. இருபது, முப்பது வருஷம் கழித்து ஏன் வருகிறது?

நல்ல கேள்வி அம்மா. புகையில் ஏழாயிரத்துக்கும் மேல் ரசாயனங்கள் உண்டு. அவற்றில் எழுபது போலப் புற்றை உண்டாக்குபவை. பென்சோபைரீன் அதில் ஒன்று. இவை நுரையீரல் செல்லின் டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொண்டு எழுத்துப்பிழைகளை உண்டாக்கும். தினம் ஒரு பாக்கெட், அதாவது இருபது சிகரெட், ஒரு வருஷம் பிடித்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 பிழைகள் சேர்கின்றன என்று 2016-இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலான பிழைகளால் தீங்கில்லை. ஆனால் செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பி53 போன்ற மரபணுக்களில் விழும் பிழை ஆபத்தானது. ஒரே செல்லில் இப்படிச் சில முக்கியமான பூட்டுகள் ஒவ்வொன்றாக உடைய வேண்டும். அதற்குத்தான் இத்தனை வருஷம். வருஷங்கள் ஏறும்போது ஆபத்து ஏன் அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

ஒரு நாட்டையே எடுத்துப் பார்த்தாலும் இது தெரியும். அமெரிக்காவில் தலைக்கு இத்தனை சிகரெட் என்ற கணக்கு 1960-களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. 1964-இல் அரசின் தலைமை மருத்துவரே புகைதான் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். ஆண்களின் நுரையீரல் புற்று மரணங்கள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியதோ 1990 வாக்கில்தான். இன்று நம் பெட்டிக்கடை வாசலில் நிற்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு 2050-தான் கண்ணில் தெரிகிறது.

சென்னை: இந்த ஊரில் வண்டிப் புகையே போதும். சிகரெட்டை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

டாலுக்கும் முதலில் இதே சந்தேகம்தான். 1940-களின் கடைசியில் லண்டன் நோயாளிகளை விசாரிக்கத் தொடங்கியபோது, கார் புகையோ சாலைக்குப் போடும் தாரோதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார். விடைகள் சிகரெட்டைக் காட்டின. அவரும் புகைப்பவர்தான், முடிவைப் பார்த்து விட்டுவிட்டார். காற்று மாசும் புற்றை உண்டாக்கும் என்பது உண்மை. விறகடுப்புப் புகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் அப்படியே. ஆனால் சிகரெட் அளவுக்கு எதுவும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்துக்கொண்டு புகையும் பிடித்தால் இரண்டும் சேர்ந்து ஆபத்தை இன்னும் ஏற்றிவிடும்.

தென்காசி, பீடி சுற்றும் அம்மா ஒருவர்: சிகரெட்டைவிடப் பீடி கெடுதல் கம்மி, அது இலைதானே என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?

இல்லை அம்மா. உள்ளே இருப்பது அதே புகையிலைதான். அளவு குறைவாக இருந்தாலும், பீடி இலையில் காற்று எளிதாகப் போகாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் இழுப்பு அதிகம், ஆழமும் அதிகம். ஒரு பீடியிலிருந்து கிடைக்கும் தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. உங்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றும்போது தோல் வழியாக நிகோடின் ஏறும், தூசி இருமலைக் கொடுக்கும். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள், சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள், தூளைக் குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் வீட்டுக்குள் பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகைக்கும் கணவர்களின் மனைவிகளுக்கு நுரையீரல் புற்று கூடுகிறது என்று 1981-லேயே ஜப்பானில் ஹிரயாமா என்ற ஆய்வாளர் காட்டினார். அந்தப் பெண்கள் யாரும் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொட்டவர்கள் இல்லை.

சேலம், 58 வயது: முப்பது வருஷம் தினம் ஒரு பாக்கெட். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இனி பயமில்லையா?

விட்டது பெரிய காரியம் ஐயா. பத்து வருஷம் ஆகும்போது, விடாமல் பிடிப்பவரின் ஆபத்தில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடுவீர்கள். ஆனால் புகைக்கவே புகைக்காதவரின் அளவுக்கு இறங்காது. இருபத்தைந்து வருஷம் கழித்தும் மிச்சம் இருப்பதை அமெரிக்க ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கணக்கு முப்பது பாக்கெட் வருஷம். ஒரு நாளைய பாக்கெட்டை வருஷத்தால் பெருக்கினால் வருவது அது. அமெரிக்காவில் 50 முதல் 80 வயதுக்குள், இருபது பாக்கெட் வருஷமோ அதற்கு மேலோ, இன்னும் பிடிப்பவர் அல்லது விட்டுப் பதினைந்து வருஷத்துக்குள் இருப்பவர் என்றால், வருஷம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஐம்பதாயிரத்துக்குமேல் ஆட்களை வைத்து நடத்திய ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களில் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்தது. சாதாரண எக்ஸ்ரே எடுத்து "சுத்தமாக இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நம் ஊரில் ஒரு சிக்கல்: பழைய காசநோய்த் தழும்புகள் ஸ்கேனில் கட்டி மாதிரி தெரிந்து வீண் கலக்கத்தைத் தரும். ஆகவே நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் பேசிவிட்டு எடுங்கள்.

ஈரோடு: நுரையீரலைக் கழுவும் கஷாயம், வைட்டமின் மாத்திரை எல்லாம் விற்கிறார்களே?

பணத்தை வீணாக்காதீர்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையில், காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-இல் வெளியான முடிவு அது. காரட் சாப்பிடுங்கள், மாத்திரை வேண்டாம்.

கழுவுவது உடம்பு தானே செய்கிற வேலை. புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாயில் பிழைகள் குறைந்த, கிட்டத்தட்டப் புதிதான செல்கள் பரவிக்கொண்டிருப்பதை 2020-இல் கண்டார்கள். புகைத்துக்கொண்டிருப்பவர்களில் இருப்பதைப்போல நாலு மடங்கு வரை. அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விழுப்புரம்: அண்ணனுக்கு இரண்டு மாதமாக இருமல். பீடி பிடிப்பார். டி.பி. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா என்று உடனே கேளுங்கள். தெரிந்திருந்தால் மருந்தை விடாமல் முடிக்கட்டும். தெரியாமலே, எக்ஸ்ரே நிழலை மட்டும் வைத்து ஆரம்பித்திருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். ஐம்பது வயது விவசாயி ஒருவர் நாலு மாதம் டி.பி. மருந்து சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். ஒரு தடவைகூட சளி பார்க்கவில்லை. சதைப் பரிசோதனையில் புற்று. முதல் மாதத்தில் வந்திருந்தால் அறுவை செய்திருக்கலாம். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், குரல் கம்மல், காரணமில்லாத எடைக்குறைவு, விரல் நுனி உருண்டு வீங்குவது, இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேன் வேண்டும்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: எத்தனையோ முறை விட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

பலமுறை தோற்ற பிறகு விட்டவர்கள்தான் அதிகம் தம்பி. முதல் மூன்று நாள் மிகக் கடினம். இரண்டு மூன்று வாரத்தில் தவிப்பு அடங்கும். நிகோடின் சூயிங்கம் ராத்திரி ஓட்டத்துக்கு உதவும். வெரனிக்லின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். 1800-112-356 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். நாள் குறித்துக்கொண்டு, அன்று வண்டியில் தீப்பெட்டிகூட இல்லாமல் கிளம்புங்கள்.

மதுரை: அப்பாவுக்கு நுரையீரல் புற்று என்று உறுதியாகிவிட்டது. இன்னும் பிடிக்கிறார். இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்கிறார்.

ஆகும். ரஷ்யாவில், ஆரம்ப நிலையில் புற்று கண்டுபிடிக்கப்பட்ட 517 புகைப்பவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு விட்டவர்கள், விடாதவர்களைவிட ஏறக்குறைய 22 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அறுவை செய்தால் புண் சீக்கிரம் ஆறும், கதிர்வீச்சும் நன்றாக வேலை செய்யும். அப்பாவைத் திட்டாதீர்கள். ஏற்கனவே தன்னையே அவர் நொந்துகொண்டிருப்பார். இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, புகைப்பதை நிறுத்தவும் மருந்து வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.