தூக்கம், மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் தாமதமாக. சில நேரம் ஆள் போன பிறகு.

கேள்விக்குக் கீழே, "இந்தத் துறையில் பி.எச்டி. சேரலாம் என்றிருக்கிறேன், இதில் யாருக்குப் பேர் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கோவையில் ஒரு ஸ்லீப் லேபில் 11 வருடமாக டெக்னீஷியன். மருத்துவர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. "டெக்னீஷியனுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்கலாம். இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் யாரோ ஒருவர் விடிய விடிய விழித்திருந்து எடுத்த பதிவிலிருந்து வந்தவை. அந்த விழித்திருக்கும் வேலையைத்தான் நான் செய்கிறேன்.

ஐந்தாறு வருடம் முன்பு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். (அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அறுபதைத் தாண்டிய விவசாயி, ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர். கூட வந்த மனைவியின் இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது, ஒருமுறை உடைந்து சேர்ந்தது. ராத்திரியில் இவர் அடித்ததில் உடைந்தது என்று சீட்டில் எழுதியிருந்தது. ஆறு வருடமாக அந்த அம்மா தனி அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறார். மந்திரித்திருக்கிறார்கள், தாயத்துக் கட்டியிருக்கிறார்கள். குடிக்கிறார் என்று ஊரில் பேச்சு, ஆனால் அவர் குடியைத் தொட்டதே இல்லை. மகன் அப்பாவோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம்.

தலையை டேப் வைத்து அளந்து, குறி போட்டு, பேஸ்ட் தடவி எலக்ட்ரோடுகளை ஒட்டினேன். கண்ணோரம் இரண்டு, தாடையில், கைகளில், கால்களில். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பெல்ட். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். "இத்தனை ஒயரா, ஷாக் அடிக்காதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். இல்லைங்கய்யா என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் மூளை அலை விழித்திருப்பவருடையது போல இருக்கும், மூடிய இமைக்குள் கண் துள்ளும், ஆனால் உடம்பு மட்டும் தளர்ந்து கிடக்கும். திரையில் தாடைத் தசையைக் காட்டும் கோடு அப்படியே படுத்துவிடும். எத்தனை பேரிடம் பார்த்திருப்பேன்! அன்றைக்கு மூன்றே முக்காலுக்குக் கண் துள்ள ஆரம்பித்தது, தாடைக் கோடு படுக்கவில்லை. கைக் கோடும் தடித்துக்கொண்டே போனது. அடுத்த நிமிடம் "முடுக்கு, முடுக்கு, அந்தப் பக்கம் போகுது பாரு!" என்று சத்தம். கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி உதைக்கிறார். உள்ளே ஓடி, கை எட்டாத தூரத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே விழித்துக்கொண்டார். கடலைக்காட்டில் பன்னி இறங்கிவிட்டது, அதை விரட்டினேன் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா சத்தம் கேட்டு எழுந்து நின்றார். என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டர் சொல்லுவாருங்கம்மா என்று மட்டும் சொன்னேன்.

மறுவாரம் டாக்டர் வீடியோவையும் பதிவையும் போட்டுக்காட்டி விளக்கினபோது நானும் அந்த அறையில் இருந்தேன். கனவில் உடம்பைக் கட்டிப்போடுகிற வேலையை மூளையின் அடித்தண்டு செய்ய வேண்டும், இவருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது, அதனால் கனவில் செய்வதைக் கை கால் நிஜமாகவே செய்கிறது. அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவரு வேணும்னுட்டு அடிக்கலைங்களா?" என்றார். இல்லைங்கம்மா என்றார் டாக்டர். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டே, "இதை எம் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க சாமி" என்றார். டாக்டர் அங்கேயே போனைப் போட்டு மகனிடம் பேசினார்.

அந்தப் பதில் அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1951-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி, அடித்தளத்தில் கிடந்த பழைய கருவியைச் சரிசெய்து தன் எட்டு வயது மகன் கண்ணோரத்தில் எலக்ட்ரோடு ஒட்டினார். கண் துள்ளுவதைப் பார்த்து முதலில் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார். அதுதான் ரெம் தூக்கம். 1953-ல் பேராசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பின்னால் பிரான்சில் லியோன் நகரத்தில் மிஷேல் ஜூவே, பூனையின் மூளைத்தண்டில் ஒரு சிறு இடத்தைச் சிதைத்தால் அது தூக்கத்திலேயே எழுந்து எலி பிடிப்பதுபோலப் பாய்வதைக் காட்டினார். 1986-ல் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற இரண்டு மருத்துவர்கள், தூக்கத்தில் தங்களையோ மனைவியையோ காயப்படுத்திய நான்கு ஆண்களையும், அடிதடி இல்லாமல் ஆனாலும் தூக்கம் கெடும்படி கனவில் நடந்துகொண்ட ஒரு பெண்ணையும் பதிவு செய்து, இது தனி நோய் என்று எழுதினார்கள். இப்படி வந்தவர்களில் பலருக்குப் பின்னால் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வருகிறது என்பதையும் 1996-ல் அவர்கள் குழுதான் எழுதியது. அதனால்தான் அந்தப் பெரியவரை ஆண்டுதோறும் நரம்பியல் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறது.

இவர்களில் ஒருவருக்கும் நோபல் இல்லை. ஜூவேக்குப் பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ்.-இன் தங்கப் பதக்கம் 1989-ல் கிடைத்தது. அசெரின்ஸ்கி தூக்க ஆய்வையே கொஞ்ச காலம் விட்டுவிட்டு மீன்களை ஆராயப் போய்விட்டார். பெரிய விருதுகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2017-ல் உடல் கடிகார ஆய்வுக்காக ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் கிடைத்தது. பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வருகிற நார்கோலெப்சி நோயின் காரணத்தைக் கண்டுபிடித்த மின்யோவுக்கும் யானகிசாவாவுக்கும் 2023-க்கான பிரேக்த்ரூ என்ற பெரிய அறிவியல் பரிசு. வீட்டில் கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கடிகாரத்தின் முதல் மரபணுவை 1971-ல் ஈக்களில் கண்டுபிடித்த ரொனால்டு கொனோப்காவுக்கு, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைகூடக் கிடைக்கவில்லை. 2015-ல் இறந்துவிட்டார். இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை.

மனநலத்தில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், வித்தியாசமான எதையும் வைத்து அல்ல, லித்தியம் என்ற எளிய உப்பை வைத்து, வெறிநிலை (மேனியா) நோயாளிகள் தெளிவதைக் கண்டு எழுதினார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தவர். இன்றும் அந்த மாத்திரை உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதே 1949-ல் மருத்துவ நோபலில் ஒரு பாதி போனது, மூளையின் நரம்பு இழைகளை வெட்டும் அறுவைச் சிகிச்சைக்காக எகாஸ் மோனிஸுக்கு. ஜான் கேட் அவர்களுக்குக் கடைசிவரை நோபல் இல்லை. அந்தக் காலத்தின் அறிவு அவ்வளவுதான் என்று வாதாடுவீர்கள். இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஆய்வுக்காக இரண்டு பேர் எட்டு மாதம் இரவு இரவாகப் பதிவு எடுத்தோம். எட்டு மணி நேரத் தூக்கத்தை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்தால் 960 துண்டு. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து இது எந்த நிலை என்று குறிக்க வேண்டும். கட்டுரை அச்சாகி வந்தபோது நன்றி சொல்லும் பகுதியில்கூட எங்கள் பெயர் இல்லை. ஆசிரியர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை, தயவுசெய்து அப்படிப் புரிந்துகொள்ளாதீர்கள். ஒரு வரி போதும்.

இதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடி ஒன்பது இடத்தில் இல்லை என்றார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பி விடிந்து வருகிற பெண்ணுக்கு வீடு கொடுக்க மாட்டார்களாம். ஒரு அம்மா ஐ.டி. கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தூங்கறதைப் பாக்கறதுக்கு ஒரு வேலையா?" என்று கேட்டார். ராத்திரி வேலைக்குப் போகிற பெண்களை நம்பாத ஊரில் நர்ஸுக்கும் எனக்கும் எங்கிருந்து மரியாதை வரும்?

நீங்கள் சேருங்கள். முதல் வருடம் முழுக்க நீங்களே எலக்ட்ரோடு ஒட்டுங்கள், நீங்களே விழித்திருங்கள். கட்டுரை எழுதும்போது உங்களோடு விழித்திருந்தவர் பேரைப் போடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். மாத்திரையில் நன்றாகக் குறைந்திருக்கிறது, மகன் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான் என்றார். கட்டிலைச் சுற்றி இருந்த சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். தாழ்ப்பாள் இப்போதும் போடுகிறார், ஆனால் பயத்தில் இல்லை, டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் தனியாகவே படுக்கச் சொன்னதால். போகும்போது, "இந்த நோவைக் கண்டுபுடிச்சது யாரு கண்ணு? வெளக்கு வெக்கறப்ப பேரைச் சொல்லிக்கிறேன்" என்று கேட்டார். சீட்டின் பின்பக்கம் தமிழில் ஷெங்க், மஹோவால்ட் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. "ரெண்டு டாக்டருங்கன்னே சொல்லிக்கிறேன்" என்று சீட்டை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.