ஸ்மார்ட் சென்சார் துறை: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

படிப்பின் பெயரில் ‘ஐஓடி’ (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் தொழில்நுட்பம்) இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, அளவீட்டுக் கருவிகளுக்கு எத்தனை மணி நேர ஆய்வகம் என்று பாருங்கள். அளவுகளைத் திரையில் காட்டும் டாஷ்போர்டு செய்ய மட்டும் கற்றுத்தருகிறார்கள் என்றால், இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவிப் பொறியியல்) அல்லது எலெக்ட்ரானிக்ஸே மேல். மென்பொருளைப் பிறகும் பிடித்துக்கொள்ளலாம். திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா என்று சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

பிடி100 வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 100 ஓம். டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் ஏறும். இரண்டே கம்பியில் இணைத்து, அந்தக் கம்பிகளின் தடை மொத்தம் 2 ஓம் இருந்தால், சுமார் 5 டிகிரி கூடுதலாகக் காட்டும். சென்சாரில் பழுதில்லை, நெட்வொர்க்கிலும் பழுதில்லை. தவறான எண் மட்டும் சர்வர் வரை ஒழுங்காகப் போய்ச் சேரும். கம்பித் தடையைக் கழித்துவிடும் மூன்று கம்பி இணைப்பு இதற்காகத்தான். அதேபோல, 0 முதல் 200 டிகிரிக்கு அமைத்த 4–20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் (அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவி) 100 டிகிரியில் 12 மில்லி ஆம்பியர் தரவேண்டும். 0 வந்தால் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது 24 வோல்ட் சப்ளை போயிருக்கலாம். உங்கள் மகள் இதை மல்டிமீட்டரை வைத்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து, ஆர்எஸ்-485 என்ற கம்பி இணைப்பு வழியாகக் கருவிகள் தகவல் பரிமாறும் மோட்பஸ் என்ற முறை. இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி மோதிக்கொள்ளும்; நீண்ட கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை போடாவிட்டால் சிக்னல் எதிரொலிக்கும். சி, பைத்தான் போன்ற நிரல்மொழிகள், எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை எல்லாம் இதன் பிறகு.

நகரங்களில் சிக்கல் வேறு மாதிரி. குழிக்குள் இருக்கும் குடிநீர் மீட்டரின் சிக்னலை இரும்பு மூடி தடுத்துவிடும். மணிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டியதை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால், பல ஆண்டு வரவேண்டிய பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். மலிவான காற்றுத்தர சென்சார்கள், ஈரப்பதம் மிகுந்த நாளில் நீரேறிப் பருத்த துகள்களையும் மாசாகக் கணக்கிடும்.

கருவிகளை நிறுவி, சோதித்து, இயக்கத்துக்குக் கொண்டுவரும் கமிஷனிங் வேலையில் வெளியூர்ப் பயணமும் இரவுப் பணியும் உண்டு. அது ஒத்துவராதென்றால் கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் காலிபரேஷன் ஆய்வகம், கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் என்று வேறு வழிகள் இருக்கின்றன. படிக்கும்போதே ஒரு சென்சாரை நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் மாதம் ஒருமுறை வைத்து, 0-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தேதியோடு எழுதிவரச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகட்டும்.