லண்டனுக்குப் போகிறது கார்

கேள்வி: ஜெர்மனியிலிருந்து குடும்பத்துடன் லண்டனுக்குக் குடிபெயர்கிறோம். நான்கு வயதான எங்கள் காரை வரியில்லாமல் கொண்டுபோக முடியுமா? (வாசகர், ஸ்டுட்கார்ட்)

பதில்: முடியும். பிரிட்டனுக்கு வெளியே 12 மாதமாவது வசித்திருக்க வேண்டும். கார் 6 மாதமாவது உங்கள் கையில் ஓடியிருக்க வேண்டும். குடிபெயர்வுச் சலுகைக்கு, கார் கப்பலேறும் முன்பே விண்ணப்பித்து அனுமதி எண்ணை வாங்கிவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அந்த எண் இல்லாவிட்டால் சுங்க வரியும் 20% வாட் வரியும் உங்கள் தலையில் விழும். சலுகை கிடைத்தபின் 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

கார் இறங்கிய 14 நாளுக்குள், பிரிட்டன் வரித்துறையின் 'நோவா' என்ற இணையச் சேவையில் அறிவியுங்கள். அடுத்து கார் பிரிட்டன் சாலைக்கு ஏற்றதாக மாற வேண்டும்: முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கம் சாய வேண்டும், வேகமானி மைலில் காட்ட வேண்டும், பின் பனிவிளக்கு நடுவிலோ வலப்பக்கமோ எரிய வேண்டும். ஜெர்மன் காரில் அது பெரும்பாலும் இடப்பக்கம் மட்டுமே இருக்கும். வலப்பக்க உறையில் பல்பு பொருத்த இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், செலவு மிச்சமாகும். மூன்று வயது தாண்டியதால் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையும் உண்டு. பிறகு காரைப் பதிவுசெய்ய, பிரிட்டன் வாகனப் பதிவுத் துறைக்கு அனுப்ப வேண்டியவை: வி55/5 என்ற விண்ணப்பப் படிவம், 55 பவுண்டு கட்டணம், ஜெர்மன் பதிவுச் சான்றின் அசல். அசலை அனுப்பும் முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.