பிரிஸ்டல் தென்கிழக்கு 1961: அதிக வாக்கு பென்னுக்கு, ஆனால் உறுப்பினர் செயின்ட் கிளேரா?

பிரிட்டனின் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் ஒருவர், உறுப்பினர் வேறொருவர் என்று உங்கள் பட்டியலில் இருப்பது பிழையா என்று கேட்டீர்கள். பிழை இல்லை. 1961 மே இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் டோனி பென் 23,275 வாக்குகளும் பழமைவாதக் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேர் 10,231 வாக்குகளும் பெற்றார்கள். இருந்தும் உறுப்பினரானவர் செயின்ட் கிளேர்தான்.

காரணம் பரம்பரைப் பிரபுப் பட்டம். 1960இல் தந்தை இறந்ததும் அது பென்னுக்கு வந்துவிட்டது. அப்போதைய விதிப்படி, பிரபுவாக இருப்பவர் காமன்ஸ் அவையில் (நாடாளுமன்றக் கீழவையில்) உட்கார முடியாது. அது தெரிந்தே மக்கள் வாக்களித்ததால் அந்த வாக்குகள் வீண் என்று தேர்தல் நீதிமன்றம் முடிவு செய்தது. என்னைக் கேட்டால், பெரிய அநியாயம்.

சரிபார்க்க 1963ஐப் பாருங்கள். பட்டத்தைத் துறக்கச் சட்டம் வந்தது, செயின்ட் கிளேர் சொன்னபடியே விலகினார், ஆகஸ்டில் பென் திரும்ப வென்றார்.

அப்புறம், இந்தத் தொகுதி 1983இல் கலைக்கப்பட்டது. அவ்வருடம் பென் தோற்றது பிரிஸ்டல் கிழக்கில். அதை இதோடு சேர்க்காதீர்கள்.