லினக்ஸுக்குப் பெரிய கேம்கள் வருமா? விண்டோஸ் 10-ஐ விட்டு இப்போதே மாறலாமா?

கேள்வி இதுதான்: கிருஷ்ணகிரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ், ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்த மெஷினில் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. லினக்ஸ் போட்டால் கவுன்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ 5, வாலரண்ட் ஓடுமா? இல்லை, கம்பெனிகள் லினக்ஸுக்கு கேம் விடும்வரை பொறுக்க வேண்டுமா?

பொறுத்துப் பயனில்லை. பெரிய கம்பெனிகள் லினக்ஸுக்கென்று தனியாக கேம் எழுதிக் கொடுக்கும் நாள் வரப்போவதில்லை, அதற்கு இப்போது அவசியமும் இல்லை. விண்டோஸுக்கு எழுதிய கேமே லினக்ஸில் ஓடுகிறது. அது உங்கள் மெஷினில் ஓடுமா என்பது இரண்டே விஷயத்தைப் பொறுத்தது: கேம் கார்டோடு பேசும் கிராஃபிக்ஸ் மொழியான வல்கனின் 1.3 பதிப்பை உங்கள் கார்டு பேசுமா, அந்த கேம் ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்க எந்த ஆன்டி சீட் மென்பொருளை வைத்திருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு ஃபார்மட் அடியுங்கள்.

கேம்களுக்கு லினக்ஸ் பதிப்பு போட்டுப் பிழைக்க லோக்கி சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 1998-இலேயே முயன்றது. 2002 ஜனவரியில் மூடிவிட்டது. ராக்கெட் லீக் கேம் 2020-இல் தன் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டது. வாங்குபவர்கள் குறைவு, ஒவ்வொரு அப்டேட்டையும் இரண்டாவது தடவை சோதிக்க வேண்டும், கணக்கு ஒத்துவராது. ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட ப்ரோட்டான்தான் கதையை மாற்றியது; விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள் அது. கேம் விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ் 11-ஐக் கேட்டால், ப்ரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே அதை வல்கனாக மாற்றிக் கார்டுக்குக் கொடுக்கும். 12-ஐக் கேட்டால் விகேடி3டி-ப்ரோட்டான். மற்ற விண்டோஸ் அழைப்புகளையெல்லாம் ஒயின் என்ற பகுதி பார்த்துக்கொள்ளும். 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் வந்த பிறகு, பல ஸ்டூடியோக்கள் தங்கள் விண்டோஸ் பதிப்பு ப்ரோட்டானில் ஓடுகிறதா என்று தாங்களே சோதிக்கின்றன. ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 2025 அக்டோபரில் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. லினக்ஸ் கேமிங்கின் எதிர்காலம் இந்த வழியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் மூன்று கேம்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விதிவிலக்கு, வால்வின் சொந்த கேம் என்பதால் அதற்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. ஜிடிஏ 5 கதைப் பகுதி ப்ரோட்டானில் நன்றாக ஓடும். ஆன்லைன் ஓடாது, 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி சீட்டைச் சேர்த்ததோடு லினக்ஸ் கதவு மூடிவிட்டது. பேட்டில்ஐயும் ஈசி ஆன்டி சீட்டும் 2021 முதலே ப்ரோட்டானில் இயங்கத் தயார். ஆனால் அதை அனுமதிப்பது கேம் கம்பெனியின் கையில் இருக்கிறது. வாலரண்ட் தலைகீழாக நின்றாலும் ஓடாது. அதன் ஆன்டி சீட்டான வேன்கார்ட், விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் டிரைவராக உட்கார்வது. ப்ரோட்டான் கேமுக்கு விண்டோஸ் போலப் பதில் சொல்லுமே தவிர, உள்ளே உட்கார விண்டோஸ் கெர்னல் அங்கே கிடையாது. ஃபோர்ட்நைட், பப்ஜியின் பிசி பதிப்பு, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் எல்லாமும் ஓடாத பட்டியல்தான். வாலரண்ட்தான் உயிர் என்றால் விண்டோஸை விடாதீர்கள். லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அக்கவுன்ட் போகலாம். மற்ற கேம்களுக்கு ப்ரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தட்டி, உங்களிடம் இருக்கும் அதே வகைக் கார்டுக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிளாட்டினம், கோல்டு முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

உங்கள் உண்மையான சிக்கல் கார்டு. ஜிடி 710 என்விடியாவின் பழைய கெப்ளர் தலைமுறை. அதற்கு என்விடியாவின் கடைசி டிரைவர் 470 வரிசை, அதில் வல்கன் 1.2 வரைதான். டிஎக்ஸ்விகே 2.0 முதல் 1.3 கேட்கிறது. நாலாம் தலைமுறை இன்டெலின் உள் கிராஃபிக்ஸும் உதவாது; ஆறாம் தலைமுறை முதல்தான் நம்பலாம். மெஷினில் என்ன இருக்கிறதென்று பார்க்க வல்கன்-டூல்ஸ் போட்டு வல்கன்இன்ஃபோவை ஓட்டுங்கள். கார்டின் பெயருக்குப் பதில் எல்எல்விஎம்பைப் என்று மட்டும் வந்தால், கார்டு சும்மா இருக்கிறது, ப்ராசஸரே படம் வரைகிறது என்று பொருள்.

புதுக் கார்டு தேடும்போது பெட்டியைத் திறந்து பவர் சப்ளையைப் பாருங்கள். பெங்களூரு ஆபீஸ்களில் கழித்த சின்ன ஆப்டிபிளெக்ஸ்களில் 250 வாட் அளவுதான் இருக்கும், கார்டுக்கான 6 பின் வயர் இருக்காது. ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மாட்ட முடியாது. ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுக்கும், உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் வேண்டும். என் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல். 6 பின் இல்லாத மாடலாகக் கேட்டு வாங்குங்கள், அதே பெயரில் பின் உள்ளதும் உண்டு. ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும், ஆனால் போர்டோடு தரவு போய்வரும் பாதை (லேன்) 4 மட்டும் கொண்டது. உங்கள் பழைய போர்டின் கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3.0-ஐத் தாண்டாது என்பதால் வேகம் அடிபடும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இப்போது வேண்டாம், டிரைவர் 580 வரிசையோடு அந்தத் தலைமுறைக்கு என்விடியா புது டிரைவரை நிறுத்திவிட்டது. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோடுக்கே போய் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி, ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் சிப்பின் பெயரைப் பார்த்துவிடுங்கள். பழைய சிப்பில் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று காட்டும் கார்டுகள் உண்டு. ரேமையும் 16 ஜிபி ஆக்குங்கள், வேண்டியது டிடிஆர்3 வகை.

இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போதும். டிரைவர் மேனேஜரில் ரெகமண்டட் என்று காட்டும் என்விடியா டிரைவரைப் போடுங்கள். கணினி எழும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதில் என்ரோல் மோக் கொடுத்து, டிரைவர் போடும்போது வைத்த பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். கன்டினியூ அழுத்தினால் டிரைவர் ஏறாது. உபுண்டு போடுவதாக இருந்தால் ஆப் சென்டர் ஸ்னாப் வடிவில் தரும் ஸ்டீம் வேண்டாம், ஸ்டீம் தளத்திலிருந்து டெப் என்ற இன்ஸ்டால் ஃபைலை எடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விண்டோஸில் டவுன்லோட் செய்த கேம் டி டிரைவில் இருக்கிறது, அதையே லினக்ஸ் ஸ்டீமுக்குக் காட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். பிளே அழுத்தினால் லான்ச்சிங் என்று வந்து, இரண்டு நொடியில் மறுபடி பச்சை பட்டனுக்கே திரும்பும். எந்த எரர் செய்தியும் வராது. காரணம், ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் கம்பாட்டேட்டா ஃபோல்டருக்குள், ஸ்டீம் அதற்குத் தந்த எண்ணில், ஒரு போலி விண்டோஸைக் கட்டும். ஜிடிஏ 5-க்கு அந்த எண் 271590. அதனுள்ளே ‘சி:’, ‘இசட்:’ என்று முக்காற்புள்ளியோடு இரண்டு இணைப்புகள் உருவாக வேண்டும். உங்கள் டி டிரைவ் இருப்பது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் அமைப்பில்; விண்டோஸ் விதிப்படி ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி கூடாது. இணைப்பு உருவாகாது, கேம் எழும்பாது. சில நேரம் உருவாகிவிடும், பிறகு விண்டோஸ் செக் டிஸ்க் ஓட்டி அதையே பழுது என்று கெடுக்கும். லினக்ஸின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4-இல் ஒரு பார்ட்டிஷன் போட்டு, ஸ்டீமின் ஸ்டோரேஜ் பக்கத்திலிருந்தே கேமை அங்கே நகர்த்துங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். இல்லையென்றால் டிரைவ் பூட்டிய நிலையிலேயே லினக்ஸுக்கு வரும், படிக்கலாம், எழுத முடியாது.

40 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். அதே கேமை வைத்திருக்கும் நண்பர் பக்கத்தில் இருந்தால், ஸ்டீம் டவுன்லோட்ஸ் அமைப்பில் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை இருவரும் அனுமதித்து, ஒரே ரௌட்டரில் லேன் வயரில் மாட்டுங்கள். அவர் விண்டோஸில் இருந்தாலும் பரவாயில்லை, ப்ரோட்டான் ஓட்டுவது அதே விண்டோஸ் ஃபைல்களைத்தான். முதல் தடவை ‘ப்ராசசிங் வல்கன் ஷேடர்ஸ்’ என்று நீண்ட நேரம் நிற்கும்; படம் வரையக் கார்டுக்கு வேண்டிய நிரல்களை முன்கூட்டியே தயாரிக்கும் வேலை அது. ஐ5 நாலாம் தலைமுறையில் நிறையவே நேரம் எடுக்கும். ஒருமுறை முடியவிடுங்கள், விளையாடும்போது திக்குவது குறையும்.