சிக்ஸர் அடிச்சா டிஎல்எஃப்னு சொல்வாங்களே, அவங்க யாரு?

சார், ஸ்கூல் படிக்கிறப்ப ஐபிஎல் பாத்தா யாரு சிக்ஸ் அடிச்சாலும் "டிஎல்எஃப் மேக்சிமம்"னு கமெண்டரில சொல்வாங்க. இப்ப போரூர் பக்கம் ஐடி பார்க்ல வேலைக்கு சேந்திருக்கேன், இங்கயும் அதே பேரு. யாரு சார் இவங்க? - ஐயப்பன்தாங்கல் வாசகர்

டெல்லி லேண்ட் அண்ட் ஃபைனான்ஸ்னு ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி, அதோட சுருக்கம்தான் தம்பி. 1946ல சௌத்ரி ராகவேந்திர சிங்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. பிரிவினைல வீடு வாசல விட்டுட்டு ஓடிவந்த ஜனங்களால டெல்லி நிரம்பி வழிஞ்ச நேரம், மாடல் டவுன், ராஜோரி கார்டன், கிரேட்டர் கைலாஷ், சவுத் எக்ஸ்டென்ஷன்னு இன்னைக்கு நாம கேக்குற பேரெல்லாம் இவங்க போட்ட லேஅவுட்தான். ஆனா 1957ல டெல்லி வளர்ச்சி சட்டம் வந்து நிலத்த டெவலப் பண்றத அரசாங்கமே எடுத்துக்கிச்சு, கம்பெனி அப்படியே படுத்துடுச்சு.

அத தூக்கி நிறுத்தினவர் அவரோட மருமகன் குஷல் பால் சிங், எல்லாரும் கே.பி.சிங்னு சொல்வாங்க. 1931ல உத்தரப்பிரதேசம் புலந்த்சாஹர் பக்கம் பொறந்தவர், இங்கிலாந்துல விமான இன்ஜினியரிங் படிச்சு, ராணுவத்துல குதிரைப்படை ரெஜிமென்ட்ல இருந்துட்டு மாமனார் பிசினஸுக்கு வந்தவர். நீங்க கேட்ட ஐபிஎல் விஷயம், 2008லருந்து 2012 வரைக்கும் அஞ்சு வருஷம் டிஎல்எஃப்தான் டைட்டில் ஸ்பான்சர், அதாவது போட்டிப் பேரோட தன் பேரயும் சேத்துச் சொல்ல காசு கொடுக்குறவங்க, 200 கோடி ரூபா.

ஐயா, நான் சின்ன அளவுல பிளாட் போட்டு விக்கிறேன். நாலு பங்காளிகிட்ட ரெண்டு ஏக்கர் வாங்கி முடிக்கிறதுக்குள்ளயே ஒரு வருஷம் போயிடுது. கே.பி.சிங் ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கினார்னு படிச்சேன், அது எப்படி சாத்தியம்? - செய்யாறு வாசகர்

இந்த கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லணும், ஏன்னா அவர் கதைல நான் ரொம்ப மதிக்கிற இடம் இதான். டெல்லில வழி அடைச்சதும் எல்லையத் தாண்டி ஹரியானா பக்கம் குர்கானுக்கு போனார். அப்ப அது கிராமம், புதரு, பாறை, தண்ணியில்லாத காடு. கைல பெரிய பணமும் கிடையாது. நிலமோ ஆளுக்கு நாலஞ்சு ஏக்கர், அதுலயும் கூட்டுக்குடும்பம், அண்ணன் தம்பி, சித்தப்பா, மைனர் பசங்கன்னு ஒரு பத்திரத்துக்கே அத்தன பேரு கையெழுத்து வேணும், நீங்க படுற பாடுதான் அவரும் பட்டார், என்ன, பல நூறு மடங்கு.

அவர் என்ன பண்ணார்னா வீடு வீடா போனார். கயித்துக்கட்டில்ல உக்காந்து அவங்க கொடுத்த பால குடிச்சு, கல்யாணம் காட்சிக்கு போய், குடும்பச் சண்டைல நடுவுல நின்னு பேசி, ஒரு வீட்டு ஆளாவே ஆயிட்டார். அப்புறம் நிலத்த கடனா கேட்டார். ஆமாங்க, விவசாயிகிட்டயே கடன்! காசு பின்னாடி தரேன், அதுவரைக்கும் வட்டி தரேன்னு. சொன்ன தேதில வட்டி வீடு தேடிப் போயிடும், ஒரு தடவ கூட தவற விடக்கூடாதுன்னு ஆளுங்கள விரட்டியிருக்கார். அந்தப் பேச்சு ஊரு ஊரா பரவினதுலதான் சுமார் 3,500 ஏக்கர் சேந்துச்சு, அதுல பெரும்பகுதி கடன்லயே வாங்கினதுன்னு அவரே பேட்டிகள்ல சொல்லிருக்கார். பேங்க்ல நிலம் வாங்க லோன் கிடைக்காத காலத்துல ஊர்க்காரங்க நம்பிக்கைதான் அவருக்கு மூலதனம்.

அந்த நிலத்துல ஊர் கட்ட அரசாங்க லைசென்ஸ் வாங்கினது தனி கதை. 1980கள் தொடக்கத்துல ஒரு நாள் அவர் கிணத்தடில கட்டில்ல உக்காந்திருக்க, ஜீப் சூடாகி ஒருத்தர் தண்ணி கேட்டு இறங்குறார், பாத்தா ராஜீவ் காந்தி. இந்த பொட்டல்ல என்ன பண்றீங்கன்னு கேக்க, இவர் மொத்த நகரத் திட்டத்தையும் அங்கயே விளக்கியிருக்கார், அதுக்கப்புறம்தான் அடைச்சிருந்த கதவு திறந்துச்சுன்னு அவர் சொல்ற கதை. அப்புறம் 1989ல ஜெனரல் எலக்ட்ரிக் தலைவர் ஜாக் வெல்ச் இந்தியா வந்தப்ப கூடவே இருந்து கவனிச்சுக்கிட்டார், பின்னாடி 1997ல அந்த கம்பெனியோட பேக் ஆபீஸ் குர்கான்ல வந்துச்சு, அத பாத்து ஒவ்வொரு கம்பெனியா வர ஆரம்பிச்சாங்க.

என் பையன் குர்கான்ல வேலை பாக்குறான். மழை பெஞ்சா ஆபீஸ்லருந்து வீட்டுக்கு வர அஞ்சு மணி நேரம் ஆகுதாம். இவ்ளோ பணக்கார ஊர்ல ஏங்க இப்படி? - கும்பகோணம் வாசகி

அம்மா, 2016 ஜூலைல விடிய விடிய ரோட்லயே ஜனங்க நின்னது ஞாபகம் இருக்கும். தனியார் டெவலப்பர்ங்க அவங்கவங்க காலனிக்குள்ள ரோடு, கரண்டு, செக்யூரிட்டி எல்லாம் பண்ணிட்டாங்க. காம்பவுண்டுக்கு வெளிய பெரிய சாக்கடை, மழைத்தண்ணி கால்வாய், குடிதண்ணி லைன், இதெல்லாம் அரசாங்கம் போடணும், அது வீடு வளந்த வேகத்துக்கு வரவேயில்ல. மாநகராட்சியே 2008லதான் வந்துச்சு, அதுக்குள்ள கண்ணாடி கட்டடம் எல்லாம் எந்திரிச்சு நின்னாச்சு. தண்ணி ஓடின பழைய ஓடை, குளமெல்லாம் கட்டடத்துக்கு அடில போயிடுச்சு. கே.பி.சிங் மேல எனக்கு எவ்ளோ மரியாதை இருந்தாலும் இந்த விஷயத்துல மனசு வலிக்குது, கிணத்தடில உக்காந்து ஒரு நகரத்தையே கனவு கண்ட மனுஷன் அந்த தண்ணிக்கு ஒரு வழி விட்டிருக்கலாம். நம்ம சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலமும் இதே பாடுதானே பட்டுச்சு.

2007ல அப்பா டிஎல்எஃப் ஷேர் வாங்கி நஷ்டம்னு இன்னும் புலம்புறார், நிஜமா? - திருப்பூர் வாசகர்

நிஜம். ஒரு ஷேர் 525 ரூபான்னு ஐபிஓ, அதாவது முதல் தடவையா ஜனங்களுக்கு ஷேர் விக்கிறது, போட்டு 9,187 கோடி ரூபா திரட்டினாங்க, அன்னைக்கு அதுதான் நாட்டுலயே பெரிசு. 2008 மார்ச்ல ஃபோர்ப்ஸ் லிஸ்ட்ல கே.பி.சிங் உலகத்துல எட்டாவது பணக்காரர், 3,000 கோடி டாலர். அதே வருஷம் உலகப் பொருளாதாரம் கவுந்துச்சு, கடன் தலைக்கு மேல, ஷேர் அதல பாதாளம். திரும்ப 525ஐ பாக்க பத்து வருஷத்துக்கும் மேல ஆச்சு.

பிளாட் புக் பண்ணிருக்கோம். பில்டர் இப்ப நடுவுல மாடி எண்ணிக்கைய கூட்டுறேங்குறார், கேட்டா அக்ரிமெண்ட்ல இருக்குங்குறார். நாங்க என்ன பண்றது? - மேடவாக்கம் வாசகி

இதே பிரச்சனை டிஎல்எஃப்ல நடந்திருக்கும்மா. குர்கான்ல பெலேர்னு ஒரு ப்ராஜெக்ட், 19 மாடின்னு சொல்லி வித்துட்டு 29 ஆக்கிட்டாங்க. வாங்கினவங்க சங்கமா சேந்து, பெரிய கம்பெனிங்க தங்களோட பலத்த தப்பா பயன்படுத்தாம பாத்துக்குற இந்தியப் போட்டி ஆணையத்துக்கு போனாங்க, ஒருதலைப்பட்சமான அக்ரிமெண்ட்னு 2011ல 630 கோடி ரூபா அபராதம் விழுந்துச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கிராமத்துல வட்டிய தேதி தவறாம கொடுத்த அதே கம்பெனிதான் இதுன்னு நினைச்சா எனக்கு தாங்கல.

அப்ப ரெராங்குற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கிடையாது, 2016லதான் வந்துச்சு. இப்ப பதிவு பண்ண பிளான மாத்தி மாடி கூட்டணும்னா வாங்கினவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் எழுத்துல சம்மதிக்கணும். அதனால கூட புக் பண்ணவங்க நம்பர வாங்கி ஒரு குரூப் ஆரம்பிங்க, ரெரா வெப்சைட்ல உங்க ப்ராஜெக்ட் பிளான எடுத்து வச்சுக்கங்க, அதுவரைக்கும் பில்டர் நீட்டுற எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்கம்மா.